இளம்பரிதியின் முழங்கால்

திரும்பக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. இப்படிச் சொல்லிக்கொண்டேதான் உலகம்மாள் அடுக்களையில் கூடத்துக்கு முதுகைக் காட்டிப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, முருங்கைக்கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், காலைத் தூக்கி ஸ்டூலில் போட்டுக்கொண்டு, நடுவருக்கே பாடம் எடுக்கிற தோரணையில் டி.வி.யில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் கபடி பார்க்கிற ஆள் அவள்தான், அவர் சும்மா துணைக்கு உட்காருகிறவர். இன்றைக்கு எல்லாம் தலைகீழ். "ஏ உலகு, உன் ஆளு எறங்கிட்டாம்லா, வாயேன்" என்று கூப்பிட்டார். உன் ஆளு. கேலிக்குத்தான் சொல்கிறார், இருந்தாலும் காது மடல் சூடாகிவிட்டது, அம்பத்தஞ்சு வயதில் இது என்ன கூத்து. "கீரை கெடக்கு, நீங்க பாருங்க" என்றாள். "கீரை எங்க ஓடிப் போவுது? பயல் இத்தனை மாசம் கழிச்சு வாரான், முழங்காலுக்கு உறை மாட்டிட்டு நிக்கான், பாரு" என்றார். முழங்காலா? திரும்பக் கூடாது. ஒரு காம்பை எடுத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக உருவினாள். பாதி இலை முறத்தில் விழுந்தது, பாதி காம்போடே நின்றுவிட்டது. மனசு இருந்தால்தானே கை வேலை செய்யும்.

உறை என்றால் கருப்பு உறையா, நீலமா? போனில் பார்த்தது கருப்பு. இளம்பரிதியின் நிறத்துக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் கருப்பு என்ன சாதாரணக் கருப்பா, மாவரைத்துக் கழுவிவிட்ட ஆட்டுக்கல் மாதிரி ஈரமாய் மின்னுகிற கருப்பு. ஒரத்தநாட்டுப் பக்கம் ஏதோ சின்ன ஊர்க்காரன். பாடிப் போவதற்கு முன்னால் நடுக்கோட்டைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். நெற்றி வியர்வையைக் கையால் துடைக்க மாட்டான், தோளிலேயே முகத்தைத் தேய்த்துக்கொள்வான், கன்றுக்குட்டி தூணில் தேய்க்கிறதே அந்த மாதிரி. அப்புறம் எதிர்ப்பக்கம் நுழைந்து கபடி கபடி என்று பாடிக்கொண்டே இப்படி ஒரு வளைவு வளைவான் பாருங்கள், ஏழு பேர் சுற்றி நின்றாலும் கண் அவன் இடுப்பை விட்டு நகராது. முதலில் உலகம்மாள் தனக்குத் தானே, நமக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை இருந்திருந்தா இந்த வயசுதானே என்று சொல்லிப் பார்த்தாள். அது பொருந்தவில்லை. பெற்ற பிள்ளையின் தொடையை யாராவது அப்படிப் பார்ப்பார்களா? சரி, நம்ம மக சுபாவுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை அமைஞ்சிருந்தா என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். சுபாவுக்குத்தான் கல்யாணமாகி ஏழு மாதக் கர்ப்பமும் ஆயிற்றே, மாப்பிள்ளையும் தங்கமான பையன், கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் மோதிக்கொள்வான் என்பதைத் தவிர ஒரு குறை கிடையாது. கடைசியில் ஒருநாள், அட போ, அழகா இருக்கான், பாக்க நல்லாருக்கு, அதுக்கு மேல இதுல என்ன இருக்கு என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். அன்றைக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, இறுக்கிக் கட்டின சேலையை வீட்டுக்கு வந்து தளர்த்தினது போல இருந்தது.

போன்தான் அவளைக் கெடுத்தது. பெங்களூரில் இருக்கிற மகள் சுபா, "எம்மா, என் போட்டோவெல்லாம் இதுல வரும், பாரு" என்று இன்ஸ்டாகிராமைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் வந்தாளோ இல்லையோ, இளம்பரிதி வந்துவிட்டான். ஆட்டத்தில் இல்லாத நேரத்து இளம்பரிதி. அம்மாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்து, காலுக்கு இடையில் ரேஷன் அரிசி மூட்டையை வைத்து ஓட்டி வருகிறவன். கூட ஆடுகிற பையன்களுக்குக் கறிக்குழம்பு வைக்கிறேன் என்று கைலியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, வெங்காயம் உரித்து அழுகிறவன். ஒருநாள் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, ஆசாரி ஊசியை எடுக்கிறார், அத்தனை பேரை அலேக்காகத் தூக்கி எறிகிறவன் அந்தப் பொட்டு ஊசியைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், பிள்ளை அழுகிறதுக்கு முந்தி இவன் கண் கலங்கிவிட்டது. உலகம்மாள் அதை எத்தனை தடவை பார்த்தாளோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தே போயிற்று. ஆனால் ஒரு வார்த்தை எழுதினாளா? கிடையாது. ஒருதரம் கை தவறி அந்த இதயக் குறியை அமுக்கிவிட்டாள், சிவப்பாக எரிந்தது, உடனே மறுபடி அமுக்கி அணைத்துவிட்டாள். வெட்கத்தில் இல்லை. வெட்கமெல்லாம் போயே போய்விட்டது. பயம்.

அந்தப் பயத்துக்கு அவள் மாமியார் பெயர்தான் வைக்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிது. நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கொழுகொழுவென்று, மடிப்பு மடிப்பாக, கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது பிள்ளை. இவள் சின்னப் பெண்தானே, "ஆத்தாடி, எவ்ளோ அழகு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராத்திரியே பிள்ளைக்குக் காய்ச்சல். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும், "ஏட்டி, ஒங் கண்ணு நல்ல கண்ணு இல்ல. எதையும் நின்னு பாக்காத, பாத்தாலும் வாயத் தொறக்காத" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு திட்டு கிடையாது, அடுத்த நிமிஷம் சாப்பிடத்தான் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை இன்றைக்கு வள்ளியூரில் செல்போன் கடை வைத்துக்கொண்டு தொப்பையும் சொட்டையுமாக நன்றாகத்தான் இருக்கிறான், போன மாதம்கூட வந்து பத்து இட்லி தின்றுவிட்டுப் போனான். அதெல்லாம் அறிவுக்குத் தெரிகிறது. அதற்கப்புறம் பக்கத்து வீட்டுப் பசு பால் வற்றினது, மாடியில் பூத்துக் குலுங்கின கனகாம்பரம் கருகினது, சங்கரலிங்கத்தின் சுருட்டை முடி கொட்டினது, ஒவ்வொன்றுக்கும் முந்தினநாள் நாம் பார்த்தோமே, ஆசையாகப் பார்த்தோமே என்று ஒரு கணக்கு உள்ளே தானாக ஓடும். முடி கொட்டினதுக்குக்கூடவா என்று கேட்காதீர்கள். கல்யாணத்தன்று மணவறையில் ஓரக்கண்ணால் அவள் முதலில் பார்த்தது அந்தச் சுருட்டை முடியைத்தான். மாமியார் அப்படிச் சொன்னதிலிருந்து எந்த அழகையும் அவள் நேராகப் பார்த்ததில்லை. பக்கவாட்டில் பார்ப்பாள், பார்த்ததும் ஒரு குறையைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுவாள். குறை சொல்லிவிட்டால் கண் படாது. அது அவளாகக் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம்.

டி.வி.யில் வருகிற ஆளுக்குக் கண் படாது என்றுதான் நினைத்திருந்தாள். நடுவில் கண்ணாடி இருக்கிறது, அவன் எங்கேயோ இருக்கிறான், இவள் பார்ப்பது அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் ஆயுசில் முதல் தடவையாக ஒரு அழகை ஆற அமர, முழுசாக, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். போன தீபாவளிக்கு முந்தி. சங்கரலிங்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், வீட்டில் அவள் மட்டும். இளம்பரிதி மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி, தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். "அடேயப்பா, என்ன அழகுடா நீ" என்று வந்துவிட்டது வாயில். சத்தமாக. அடுத்த தடவை பாடிப் போனவன்தான், கால் மடங்கி விழுந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டான், துணிக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். உலகம்மாள் எழுந்து கல்லுப்பும் வற்றலும் எடுத்துவந்து டி.வி.யையே மூன்று சுற்றுச் சுற்றினாள். விளம்பரம் போய்க்கொண்டிருந்தது, ஒரு பற்பசைக்கும் சேர்த்துத் திருஷ்டி கழிந்திருக்கும். அடுப்பில் போட்டாள். வற்றல் கமறவே இல்லை, ஒரு தும்மல் இல்லை. கமறவில்லை என்றால் கண் பட்டது நிச்சயம். அவளுக்கு அன்றைக்கு ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்தது என்பது வேறு விஷயம், அது அப்போது ஞாபகத்துக்கு வந்தால்தானே.

அன்றைக்கு எடுத்த முடிவு, இனி அவன் ஆடும்போது பார்ப்பதில்லை. போனில் மட்டும் பார்க்கலாம், போன் சின்னதுதானே, கண்ணும் சின்னதாகத்தான் படும் என்று ஒரு சலுகையும் கொடுத்துக்கொண்டாள். போனிலும் அவன் முழங்கால்தான். கட்டுப் போட்ட முழங்கால், கட்டுப் பிரித்த முழங்கால், அம்மா ஒத்தடம் கொடுக்கிற முழங்கால், மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைக்கிற முழங்கால். தினமும் பார்த்தாள். சாமி கும்பிட்ட கையோடு பார்த்தாள். இப்போது முதுகுக்குப் பின்னால் கூட்டம் ஓவென்று கத்துகிறது, "போடு! ரெண்டு புள்ளி! ஏ உலகு, ரெண்டு புள்ளிளா!" என்று அவர் ஸ்டூலைத் தட்டுகிறார், அவளுக்குக் கீரையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் போல இருக்கிறது, ஓடவில்லை, ஒரு புழுத்த இலையை எடுத்து வெகு கவனமாக அப்பால் வைக்கிறாள். சந்தோஷம்தான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே சந்தோஷம். கண்ணில்லாமல் ஒரு ஆளை இவ்வளவு பார்க்க முடியும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது கோட்டைத் தொட்டிருப்பான், இப்போது முகத்தைத் தேய்த்திருப்பான்.

இடைவேளைக்குச் சரியாகப் போன் அடித்தது. சுபா, வீடியோவில். அடுத்த வாரம் வளைகாப்பு, சேலை எடுத்திருக்கிறாள், உடுத்தியே காட்டுகிறாள். மாம்பழக் கலரில் அரக்குக் கரை. "எம்மா, எப்படி இருக்கு?" என்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள், வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு. உலகம்மாளின் கண் மகள் முகத்தில் போய் உட்காரப் பார்த்தது, சட்டென்று இழுத்துக்கொண்டாள். இப்போது வயிற்றில் பிள்ளை வேறு, ஒன்றுக்கு இரண்டாக. தோள் பக்கமாகப் பார்த்தாள், கை பக்கமாகப் பார்த்தாள், கிடைத்துவிட்டது. "ஜாக்கெட் கை கொஞ்சம் நீளமா இருக்கே" என்றாள். அந்தப் பக்கம் சுபா நின்றுவிட்டாள். "சரிம்மா" என்றாள். "சாப்ட்டியாட்டி?" "ம், சாப்ட்டேன். வைக்கேன்மா." வைத்துவிட்டாள். சண்டை போட்டால்கூடத் தேவலை. முன்னெல்லாம் போடுவாள். போன பொங்கலுக்குப் போட்டாள், "என்னைக்காவது ஒரு தடவை நல்லாருக்கேன்னு சொல்லிருக்கியா நீ? எங்க காலேஜ்ல, ஆபிஸ்ல, யார் யாரோ சொல்லுதாங்க, நீ சொல்லல" என்று. இப்போது சரிம்மா என்கிறாள். சரிம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?

முறத்தில் கீரை மலை போலச் சேர்ந்துவிட்டது, இத்தனையை யார் தின்பது, கை பாட்டுக்கு உருவிக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்றைக்கும் இதே கதைதான். மணமகள் அறையில் சுபா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அலங்காரம் செய்கிற பெண் கடைசிப் பூவையும் குத்திவிட்டு நகர்ந்துகொண்டாள். சுபா திரும்பி, "எம்மா, எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். இப்படி ஒரு பெண்ணையா நான் பெற்றேன் என்று உலகம்மாள் மலைத்துப் போனாள். ஐயோ, பார்க்காதே, இன்றைக்குப் பார்க்காதே, இன்றைக்குப் பட்டால் வாழ்க்கைக்கும் அல்லவா என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். மாமியார் குரலில்தான் கத்தினாள். "பொட்டு கோணலா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மண்டபத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதாள். எல்லாரும் பெண்ணைப் பிரிகிற அழுகை என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

"அடடா!" என்றார் சங்கரலிங்கம். ஆட்டம் மறுபடி தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது, கடைசிக் கட்டம் போலிருக்கிறது. "அடடா, அடடா, அடடா!" கூட்டம் கப்சிப்பென்று ஆயிற்று. வர்ணனை சொல்கிறவன் குரல் இறங்கியது. இளம்பரிதி கீழே, அதே கால், முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மருத்துவக் குழு உள்ளே வருகிறது என்றான். உலகம்மாள் கையில் ஒரு காம்பு பாதி உருவினபடி நின்றது. விழுந்துவிட்டான். நான் பார்க்கவில்லை. விழுந்துவிட்டான், நான் பார்க்கவே இல்லையே, முதுகைக் காட்டிக்கொண்டு இங்கே கீரை உருவிக்கொண்டிருக்கிறேன், சத்தியமாகப் பார்க்கவில்லை, அப்படியும் விழுந்துவிட்டான். குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. சீ, சண்டாளி, அங்கே ஒரு பிள்ளை வலியில் கிடக்கிறது, உனக்குச் சந்தோஷமா என்று அடுத்த நொடியே தன்னை வைதுகொண்டாள், ஆனால் வந்த சந்தோஷம் போகவில்லை. மனசால் பார்த்தாயே, கோட்டைத் தொடுவான் முகத்தைத் தேய்ப்பான் என்று, அதுவும் பார்வைதானே என்று பழைய குரல் இடுக்கில் தலையை நீட்டியது. இரு, இரு. மனசால் பார்த்தாலும் படும், போனில் பார்த்தாலும் படும் என்றால், இத்தனை மாதமும் ஒருநாள் விடாமல் அந்த முழங்காலைத்தானே பார்த்தேன்? கட்டுப் பிரித்தது என் கண் முன்னால். அடி எடுத்து வைத்தது என் கண் முன்னால். நல்ல கண் இல்லை என்றால் அது எப்படி ஆறிற்று? முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் பேசின மாமியார் குரல் வந்த இடுக்கிலேயே தலையை இழுத்துக்கொண்டது.

மடியிலிருந்த கீரை தரையெல்லாம் சிதற எழுந்து கூடத்துக்கு ஓடினாள். டி.வி.க்கு நேரே போய் நின்றாள். "மறைக்காதளா" என்றார் அவர். மறைத்தாள். இளம்பரிதி மல்லாந்து கிடந்தான். முழங்காலில் ஏதோ புகை மாதிரி அடித்தார்கள். முகம் சுருங்கி, பல்லைக் கடித்து, அப்புறம் மெல்ல ஒரு கண்ணைத் திறந்து, யாரிடமோ தலையை ஆட்டினான். உலகம்மாள் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். எழுந்திருடா, என் ராஜா, எழுந்திரு. ஒருத்தன் கை கொடுத்தான், எழுந்தான், காலை ஊன்றிப் பார்த்தான், உதறினான், தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல, சும்மா சதை பிடிச்சுக்கிட்டு" என்றார் சங்கரலிங்கம், தாமே வைத்தியம் பார்த்த மாதிரி. "என்ன அழகு பாத்தீங்களா" என்றாள் உலகம்மாள், சத்தமாக. அவர் மனைவியை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அழகுதான், யாரு இல்லன்னா" என்றார். வழுக்கைத் தலையில் டி.வி. வெளிச்சம் நீலமாக விழுந்திருந்தது. அந்தத் தலையையும் அவள் நின்று முழுசாகப் பார்த்தாள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இளம்பரிதி மறுபடி கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடிக் கிளம்பினான். அவள் அடுக்களைக்குத் திரும்பி வந்து, கீரையை மிதித்துக்கொண்டே போய், சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கினாள்.

"எம்மா? என்னாச்சு? அப்பாக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் சுபா பதறிப் போய். "அப்பா கபடி பாக்காரு. நீ செத்த வெளிச்சத்துக்கு வா." "சேலையை மடிச்சு வச்சாச்சும்மா. ஏன், கரையிலயும் எதாவது கோளாறா?" "சேலை கெடக்கட்டும்ளா, வெளிச்சத்துக்கு வான்னா வா." சுபா விளக்குக்குக் கீழே வந்து நின்றாள். நைட்டி, தலையில் ஒரு கிளிப், கன்னம் ஊதியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருப்பு, கொஞ்சம் அழுதிருப்பாள் போல. உலகம்மாள் பார்த்தாள். நெற்றியில் ஆரம்பித்து, புருவம், மூக்கு, சங்கரலிங்கத்துக்கு இருக்கிற மாதிரியே வளைந்த மேலுதடு, நாடி, ஒன்றையும் விடாமல், அவசரப்படாமல். "ரொம்ப அழகா இருக்கட்டி" என்றாள். சுபா தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி மறுபடி குத்திக்கொண்டாள். "கல்யாணத்தன்னைக்குப் பொட்டு நேராத்தான் இருந்துது." "தெரியும்மா" என்றாள் சுபா, "கண்ணாடில பாத்தேம்லா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளாகவே திரும்பி, நேராக, பார்த்துக்கொள் என்கிற மாதிரி நின்றாள். கூடத்தில் கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. "ஏ உலகு, ஜெயிச்சிட்டான்! உன் ஆளு ஜெயிச்சிட்டாம்ளா, ஓடி வா, பாரு!" என்றார் சங்கரலிங்கம். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் உலகம்மாள், திரும்பாமல்.